எக்செலில் சால்வர் பட்டனைக் காணோம், உதவுங்கள்

புதுவரவு:
மூன்று கிடங்குகளிலிருந்து எட்டுக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் செலவைக் குறைக்க ஒரு ஷீட் வைத்திருக்கிறேன். டேட்டா டேபின் வலது கோடியில் உள்ள சால்வரை (நிபந்தனைகளுக்குள் சிறந்த விடையைத் தேடித் தரும் கருவி) அமுக்கினால் 24 செல்லிலும் எண்கள் வந்து விழும். போன வாரம் 32 பிட் ஆஃபீஸை எடுத்துவிட்டு 64 பிட் போட்டேன். அதிலிருந்து பட்டனே இல்லை. ரீஸ்டார்ட் இரண்டு தடவை, ரிப்பேர் ஒரு தடவை, பலனில்லை. ஒரு தளத்தில் சால்வர் ஃபைலைத் தனியாகத் தருகிறார்கள். எடுத்துப் போடலாமா?

செல்பிரியன்:
அதை மட்டும் செய்துவிடாதீர்கள். சால்வர் ஃபைல் மேக்ரோ (எக்செலுக்குள் ஓடும் சிறு புரோகிராம்) உள்ள ஃபைல், உள்ளே வேறு என்ன ஒட்டியிருக்கிறது என்று யார் பார்த்தது? சால்வர் ஒரு ஆட்-இன், அதாவது எக்செலோடு சேர்த்துக்கொள்ளும் துணை புரோகிராம். அது ஆஃபீஸோடேயே வந்துவிடுகிறது, டிக் போடாமல் கிடக்கும், அவ்வளவுதான்.

ஃபைல் → ஆப்ஷன்ஸ் → ஆட்-இன்ஸ் போங்கள். கீழே மேனேஜ் என்ற பெட்டியில் எக்செல் ஆட்-இன்ஸ் என்று வைத்து, பக்கத்தில் உள்ள கோ-வை அமுக்குங்கள். பலர் காம் ஆட்-இன்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு தேடுவார்கள். பவர் பிவட் மாதிரியானவைதான் அங்கே இருக்கும், சால்வர் இருக்காது.

புதுவரவு:
போய்ப் பார்த்தேன் சார். அனாலிசிஸ் டூல்பேக் இருக்கிறது, சால்வரும் இருக்கிறது. ஆனால் டிக் போட்டால் "இந்த ஆட்-இன்னைக் காணவில்லை, பட்டியலிலிருந்து நீக்கவா?" என்று கேட்கிறது. பயந்து நோ கொடுத்துவிட்டேன்.

செல்பிரியன்:
அட, விஷயம் அதுதான்! பழைய 32 பிட் ஆஃபீஸ் இருந்த ஃபோல்டரின் பெயரில் எக்ஸ்86 என்று இருக்கும். எக்செல் இன்னும் அந்தப் பழைய முகவரியிலேயே போய்த் தேடுகிறது. வீடு மாறியது அதற்குத் தெரியாது. தைரியமாக யெஸ் கொடுங்கள், நீங்குவது பட்டியலில் உள்ள வரி மட்டும்தான்.

அப்புறம் அதே பெட்டியில் பிரவுஸை அமுக்கி, சி டிரைவ் → புரோகிராம் ஃபைல்ஸ் → மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் → ரூட் → ஆஃபீஸ்16 → லைப்ரரி → சால்வர் என்று இறங்குங்கள். உள்ளே எக்ஸ்எல்ஏஎம் என்று முடியும் சால்வர் ஃபைல் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். 2019 போட்டாலும் 2021 போட்டாலும் ஃபோல்டர் பெயர் ஆஃபீஸ்16-தான், குழம்ப வேண்டாம்.

மேசைவிளக்கு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸில் ஆட்-இன்ஸே இல்லையே? பிரவுசரில்தான் எக்செல் பார்க்கிறேன்.

செல்பிரியன்:
பிரவுசர் எக்செலுக்குள் இந்தச் சால்வர் கிடையாது, கம்ப்யூட்டரில் நிறுவிய எக்செல் வேண்டும். மேக் என்றால் டூல்ஸ் மெனுவில் எக்செல் ஆட்-இன்ஸ்.

புதுவரவு:
பட்டன் வந்துவிட்டது! கையால் ஓட்டினால் கணக்கும் சரியாக வருகிறது. ஆனால் சால்வரைக் கூப்பிடும் என் மேக்ரோவை ஓட்டினால் "புராஜெக்ட் அல்லது லைப்ரரி இல்லை" என்று நிற்கிறது. இது வேறு வியாதியா?

செல்பிரியன்:
அதே வியாதிதான், இடம் வேறு. மேக்ரோ ஃபைலுக்கும் பழைய முகவரிதான் நினைவில் இருக்கிறது. ஆல்ட்+எஃப்11 அடித்து, டூல்ஸ் → ரெஃபரன்சஸ் திறந்தால் மிஸ்ஸிங் என்று தொடங்கும் வரி ஒன்றில் டிக் இருக்கும். அந்த டிக்கை எடுத்து ஓகே கொடுங்கள். மறுபடி திறந்து, மிஸ்ஸிங் இல்லாத சால்வர் வரியில் டிக் போடுங்கள். அந்த வரி தெரியவில்லை என்றால், முதலில் டேட்டா டேபில் சால்வரை ஒருமுறை திறந்து மூடிவிட்டு வாருங்கள்.

புதுவரவு:
முதலில் தெரியவில்லை, திறந்து மூடியதும் வந்தது. மேக்ரோ ஓடுகிறது சார், 24 செல்லும் நிரம்பிவிட்டது. அந்த டவுன்லோடு ஃபைலை அழித்துவிட்டேன், நல்லவேளை திறக்கவில்லை.