முச்சந்தியில் எஸ்15: வடிவம் தயாராக இருக்கிறதா, புரதம் வளைக்கிறதா?

சோளக்காட்டான்:
பூட்டு-சாவிக் கதையெல்லாம், அதாவது ஆர்.என்.ஏவின் வடிவம் முன்பே தயாராக இருக்கும், புரதம் சாவி போல அதில் பொருந்தும் என்பதெல்லாம் காலாவதி, புரதம்தான் வளைத்து வடிவம் தருகிறது என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். ஈ.கோலை பாக்டீரியாவில் புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோமின் சிறிய பாதியையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள 16எஸ் ஆர்.என்.ஏ 1542 நியூக்ளியோடைடு (ஆர்.என்.ஏவின் எழுத்து) நீளம். அதில் வேறு புரதத்தின் துணையில்லாமல் நேரடியாக ஒட்டும் புரதங்கள் எஸ்4, எஸ்7, எஸ்8, எஸ்15, எஸ்17, எஸ்20 என ஆறுதான். எஸ்15 பிடிப்பது 20, 21, 22 என்று எண்ணிட்ட மூன்று ஆர்.என்.ஏ சுருள்கள் கூடும் முச்சந்தியை. புரதமே இல்லாமல் மெக்னீசியம் மட்டும் சேர்த்தாலும் அந்த முச்சந்தி அதே வடிவத்துக்கு மடங்குகிறது. தயாராக இருப்பதைப் புரதம் தேர்ந்தெடுக்கிறது, அவ்வளவுதான்.

இரவுப்பணி:
அது வெட்டியெடுத்த சின்னத் துண்டில் பார்த்தது அண்ணா. செல்லுக்குள் ஆர்.என்.ஏ நீண்டுகொண்டே வரும்போதே மடங்கவும் வேண்டும், தப்பான ஜோடி சேர எத்தனையோ வாய்ப்பு. புரதமும் மெக்னீசியமும் இல்லாவிட்டால் மூன்று சுருள்களும் ஏறக்குறைய 120 பாகையில் விரிந்துதான் கிடக்கும். எஸ்15 வந்தால் 21-உம் 22-உம் நேர்கோட்டில் அமர்கின்றன, 20 பக்கவாட்டில் 22-ஐ நோக்கி மடிகிறது. அந்த மடிப்பு கிடைத்த பிறகுதான் எஸ்6-எஸ்18 புரத ஜோடிக்கு உட்கார இடம். இதை வெறும் தேர்வு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

சோளக்காட்டான்:
சரி, வளைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எதை வளைப்பது என்று எப்படித் தெரிந்தது? 22-ஆம் சுருளின் குறும்பள்ளத்தில் (இரு இழைகளுக்கு இடையிலான ஆழமில்லாத பள்ளம்) ஜி-யு, ஜி-சி எழுத்து ஜோடிகள் அடுத்தடுத்து வரும் இடத்தையும் எஸ்15 தொட்டுப் பார்க்கிறது. எஸ்8-ஐப் பாருங்கள், தன் ஓபெரானின் (சேர்ந்தே இயங்கும் மரபணுத் தொகுதி) தூது ஆர்.என்.ஏவில், அதாவது புரதம் செய்வதற்கான நகலில், 16எஸ்ஸில் உள்ளதைப் போன்ற ஓர் இடத்தைப் பிடித்துத் தன் உற்பத்தியையே நிறுத்துகிறது. அடையாளம் முதலில், வளைப்பு பிறகு.

கரைசல்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எஸ்4-உம் தன் தூது ஆர்.என்.ஏவைப் பிடிக்கும், ஆனால் அங்கே இருப்பது ஒரு போலிமுடிச்சு (ஒரு வளையத்தின் எழுத்துகள் வெளியே உள்ள எழுத்துகளோடு ஜோடி சேரும் மடிப்பு), 16எஸ்ஸில் இருப்பதோ ஐந்து சுருள் கூடும் சந்திப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் ஒற்றுமையே தெரியாது.

இரவுப்பணி:
அதேதான்! 2019-இல் ‘செல்’ என்ற ஆய்விதழில் வந்த இரண்டு கட்டுரைகளையும் படியுங்கள், நீண்டுவரும் ஆர்.என்.ஏவில் ஒற்றை மூலக்கூறாகப் பார்த்திருக்கிறார்கள். முதலில் வரும் புரதம் பெரும்பாலும் தொட்டுவிட்டு விலகிவிடுகிறது, மற்ற புரதங்களும் கரைசலில் இருந்தால்தான் பிடி நிலைக்கிறது. 1968-இல் நொமுரா என்ற ஆய்வாளரின் ஆய்வகம் தனித்தனிப் பாகங்களிலிருந்து இந்தச் சிறிய பாதியைக் கூட்டியபோது 40 பாகை செல்சியஸுக்குச் சூடாக்க வேண்டியிருந்தது, குளிரில் பாதியிலேயே நின்றுவிடும். செல்லோ 37 பாகையில் ஓரிரு நிமிடத்தில் முடித்துவிடுகிறது.

சோளக்காட்டான்:
செல்லில் ஆர்பிஎஃப்ஏ, ரிம்எம் மாதிரி உதவிப் புரதங்களும் இருக்கின்றனவே, அந்த வேகத்தை முழுக்க எஸ்15 கூட்டத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். தொட்டு விலகுவது என்றாலும் எங்கே தொடுகிறது என்பதுதான் என் கேள்வி. 16எஸ்ஸில் வேறு முச்சந்திகளும் உண்டு. அவற்றிலும் எஸ்15 இதே நேரம் தங்குகிறது என்று காட்டுங்கள், பேச்சை விட்டுவிடுகிறேன்.

இரவுப்பணி:
இதே நேரம் தங்கும் என்று நான் எங்கே சொன்னேன்? தங்கும் நேரம் சுற்றியிருக்கும் மடிப்பைப் பொறுத்தது என்கிறேன். அந்த ஜி-யு ஜோடியை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டு, நீண்டுவரும் ஆர்.என்.ஏவிலேயே அளக்கட்டும், துண்டில் வேண்டாம்.