மறு: ‘அட்வகசி’க்குத் தமிழ்ச்சொல் – காது கேளாதோர் அரசியல் தளத்துக்காக

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். காது கேளாதோர் தங்கள் அரசியல் கோரிக்கைகளை ஒன்றுகூடி முன்வைக்க உருவாக்கும் இணையத் தளத்துக்கான சொற்பட்டியலில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. ‘கம்யூனிட்டி’க்குச் சமூகம் போதும். ‘மாடரேட்டர்’ மட்டுறுத்துநர், ஏற்கெனவே புழங்கும் சொல். தனக்காகவோ பிறருக்காகவோ உரிமை கேட்டு வாதிடுவதைக் குறிக்கும் ‘அட்வகசி’யில்தான் இழை நீண்டுகொண்டே போகிறது.

> ‘குரல் கொடுத்தல்’ என்றே வைப்போமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், சரி. ஆனால் இந்தத் தளத்தில் பலர் பேசப்போவது சைகை மொழியில். கைப்பேசியை எதன்மேலாவது சாய்த்து வைத்து, இரண்டு கைகளும் முகமும் சட்டகத்துக்குள் அடங்குகின்றனவா என்று பார்த்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து ஒருவர் தன் கோரிக்கையைப் பதிவுசெய்கிறார். அதை ஏற்றும் பொத்தானில் ‘குரல் கொடுங்கள்’ என்றா எழுதுவது?

நம் அரசியல் மொழி முழுக்க வாயும் காதும்தான். ‘செவிசாய்க்க வேண்டும்’ என்று மனு எழுதுகிறோம். கோரிக்கை கிடப்பில் போனால் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்கிறோம். அந்தத் தொடரை மேடையில் ஒருவர் முழங்கும்போது, பக்கத்தில் நின்று அதைச் சைகையில் மொழிபெயர்ப்பவரையும், எதிரே அதைப் பார்த்துக்கொண்டிருப்பவரையும் நினைத்துப் பாருங்கள். சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பு; காணொளிக் கூட்டம் என்றால் பெரும்பாலான செயலிகள் ஒலி வருகிற சட்டகத்தையே பெரிதாக்குகின்றன, சைகையில் பேசுகிறவர் ஓரத்துச் சிறு கட்டத்திலேயே இருந்துவிடுகிறார். இத்தனையையும் தாண்டி வருகிறவர்களுக்கு நாம் தருகிற சொல்லிலும் குரல் வேண்டாம்.

> ‘பரிந்துரை’ பழைய சொல், அழகான சொல்.

அழகான சொல்தான். ஆனால் இன்று அதற்குச் சிபாரிசு என்ற பொருள் ஊன்றிவிட்டது. அதைவிட முக்கியம், பரிந்து உரைப்பவர் எப்போதும் இன்னொருவர். காது கேளாதோர் வரலாற்றில் அந்த இன்னொருவரால் வந்த வினை கொஞ்சமல்ல. 1880இல் காது கேளாதோர் கல்வி பற்றி இத்தாலியின் மிலன் நகரில் நடந்த மாநாட்டில் கூடிய ஆசிரியர்கள், ஏறக்குறைய அனைவருமே காது கேட்பவர்கள், பேச்சுப் பயிற்சியே மேல் என்று தீர்மானம் போட்டார்கள். பல நாடுகளின் பள்ளிகளிலிருந்து சைகை மொழி வெளியேற்றப்பட்டது. நல்லது செய்வதாக எண்ணியே செய்தார்கள். அந்தத் தீர்மானங்களை அதே மாநாட்டு வரிசை வான்கூவரில் நிராகரித்து வருத்தம் தெரிவிக்க 2010 வரை ஆனது.

இதற்கு நேர் எதிர் 1988 மார்ச்சில் வாஷிங்டனில் நடந்தது. காது கேளாதோருக்காகவே நடத்தப்படும், 1864இல் கல்லூரியாகப் பட்டயம் பெற்ற காலடெட் பல்கலைக்கழகத்துக்கு அதுவரை காது கேளாத ஒருவர்கூடத் தலைவராக இருந்ததில்லை. மறுபடியும் காது கேட்பவரையே நியமித்ததும் மாணவர்கள் வாயில்களை அடைத்தார்கள். நான்கு கோரிக்கைகள் வைத்தார்கள். அவற்றில் ஒன்று, ஆட்சிக் குழுவில் காது கேளாதோர் பெரும்பான்மை. ஒரே வாரத்தில் நான்கும் கிடைத்தன, காது கேளாதவரான ஐ. கிங் ஜோர்டன் தலைவரானார். ஆதரவு தந்த காது கேட்பவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனாலும் போராட்டத்தை முன்னின்று நடத்தியது மாணவர்கள். ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும், அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களுடைய அமைப்புகளையே கலந்தாலோசிக்கச் சொல்கிறது. நம் சொல்லுக்கும் அந்தப் பொருள் வேண்டும்.

‘பரப்புரை’ வேண்டாம், அதைத் தேர்தல் பிரசாரத்துக்கு விட்டுவிடுவோம்.

என் முன்மொழிவு: உரிமையாடல்.

போராடு, வாதாடு, வழக்காடு, மன்றாடு என்ற வரிசையில் இயல்பாக உட்காரும். உரிமையாடினார்கள், உரிமையாடுநர், தன்னுரிமையாடல் என்று எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். உரிமையைத் தனக்காகவும் ஆடலாம், பிறருக்காகவும் ஆடலாம். ‘ஆடு’ என்பதில் உடலின் அசைவு இருக்கிறது. கையால் பேசும் மொழிக்கு அது பொருந்துகிறது என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

> ‘உரிமையாளர்’ என்று படித்துவிட மாட்டார்களா?

வேகமாகப் படித்தால் நடக்கலாம். அதனால்தான் ஆளைக் குறிக்க ‘உரிமையாடுநர்’ என்றேன். ஆடலைக் கூத்தோடு குழப்புவார்கள் என்ற அச்சம் எனக்கு இல்லை. போராடலை யாரும் அப்படிப் படிப்பதில்லை.

எதுவானாலும் பட்டியலில் ஏற்றும் முன் தளத்தை நடத்தப்போகும் காது கேளாத நண்பர்களிடம் காட்டுவோம். சைகையில் இதற்கு அவர்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கும். அது எதைச் சுட்டுகிறது என்று கேட்டு, அதையொட்டித் தமிழ்ச்சொல்லை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுவோம்.

அப்புறம், ‘ஆடிசம்’ பற்றி ஒருவர் கேட்டிருந்தார். காது கேட்பவரே மேல் என்ற மனப்போக்குக்கு அமெரிக்க ஆய்வாளர் டாம் ஹம்ப்ரீஸ் 1970களில் சூட்டிய பெயர் அது. அப்படியே ஒலிபெயர்த்தால் ஆட்டிசத்தோடு குழம்பும். ‘செவியாதிக்கம்’ எப்படி? அதற்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன்.

அன்புடன்