பல தெய்வங்களிலிருந்து ஒரு தெய்வத்துக்கு: மாணவியின் கேள்விக்கு என்ன விடை சொல்வது?

ஒட்டுசுட்டான் ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள ஒரு பாடசாலையில் வரலாறு கற்பிக்கிறேன். சென்ற வாரம் பண்டைய எகிப்தைப் பற்றிய பாடத்தின்போது தரம் 10 மாணவி ஒருத்தி எழுந்து, "எங்கள் குளக்கட்டில் துருசுக்குப் பக்கத்தில் ஐயனார் இருக்கிறார், வயல் தொடங்கும் இடத்தில் பிள்ளையார் இருக்கிறார், பாலை மரத்தடியில் வைரவர் இருக்கிறார், ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது, அந்தக் காலத்து மனிதர்கள் ஏன் இப்படிப்பட்டவர்களை எல்லாம் விட்டுவிட்டு ஒருவரே போதும் என்றார்கள்?" என்று கேட்டாள். அக்கெனாதென் என்ற மன்னன்தான் முதலில் அவ்வாறு செய்தான் என்று விடை கூறினேன். அவள் உட்கார்ந்துவிட்டாள், ஆனால் அவளுடைய முகம் தெளியவில்லை. அவள் கேட்டது யார் என்றல்ல, ஏன் என்று. அரசன் ஒருவன் கட்டளையிட்டால் மக்களுடைய மனத்திலிருந்து தெய்வங்கள் போய்விடுமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையேன்.

முல்லைக்கரை எழுதியது:

போகவில்லை என்பதுதான் எகிப்தின் வரலாறு, ஐயா. கி.மு. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆட்சிக்கு வந்த அந்த மன்னன் தன் ஐந்தாம் ஆட்சியாண்டளவில் பெயரையே மாற்றிக்கொண்டு, இன்று அமர்னா எனப்படும் இடத்தில் புதிய தலைநகரை அமைத்து, சூரிய வட்டமாகிய அதெனை மட்டுமே போற்றினான். அதுவரை தலைமைத் தெய்வமாக இருந்த அமூனுடைய பெயரைக் கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி நீக்கச் செய்தான். ஆனால் அவனுடைய குடிகள் வாழ்ந்த வீடுகளிலேயே, பிள்ளைப்பேற்றைக் காக்கும் பெஸ் முதலிய சிறு தெய்வங்களின் உருவங்கள் அகழ்வாய்வில் கிடைத்திருக்கின்றன. பிரசவ வலியில் இருப்பவளுக்குச் சூரிய வட்டம் போதவில்லை. அவன் இறந்த சில ஆண்டுகளில், அதெனின் பெயரைத் தாங்கித் துட்டன்காதன் எனப்பட்ட சிறுவ மன்னன், அமூனின் பெயரைத் தாங்கித் துட்டன்காமன் ஆனான். கோயில்கள் பாழடைந்து கிடந்தன, தெய்வத்தை அழைத்தாலும் அது வரவில்லை என்று அவனுடைய மீட்புக் கல்வெட்டு முறையிடுகிறது. அரசனோடு வந்தது அரசனோடு போயிற்று.

மடுவழி எழுதியது:

நிலைத்து நின்ற மாற்றம் பண்டைய இஸ்ரயேலில் நிகழ்ந்தது. நான் கத்தோலிக்கன், எங்கள் மறைநூலை அன்போடு படிப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த மாற்றம் ஒரே நாளில் நடந்தது என்று அந்நூலே கூறவில்லை. பத்துக் கட்டளைகளில் முதலாவது, வேறு தெய்வங்கள் உனக்கு இருக்கக்கூடாது என்கிறதே தவிர, வேறு தெய்வங்களே இல்லை என்று சொல்லவில்லை. தெய்வங்களுள் உமக்கு நிகர் யார் என்று விடுதலைப் பயண நூலின் 15ஆம் அதிகாரம் பாடுகிறது. இந்த வேறுபாட்டை மாணவிக்கு முதலில் விளக்குங்கள்: ஒருவரை மட்டும் வழிபடுவது ஒன்று, ஒருவர் மட்டுமே உண்டு என்று அறிவது வேறொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு வர அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் சென்றன. சினாய்ப் பாலைவனத்தில் உள்ள குந்தில்லத் அஜ்ருத் என்ற இடத்தில் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 800ஐச் சேர்ந்த சாடியொன்றில், இஸ்ரயேலின் ஆண்டவராகிய யாவேயின் பெயராலும் "அவருடைய அசேரா"வின் பெயராலும் வாழ்த்து எழுதப்பட்டிருக்கிறது. அசேரா என்பது பெண் தெய்வமா, அதன் அடையாளமான மரத்தூணா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். கி.மு. 622 அளவில் எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா நாட்டின் யோசியா மன்னன் அந்நகரக் கோயிலுக்குள்ளிருந்தே அசேராவின் உருவை வெளியே எடுத்து எரித்தான் என்று அரசர்கள் இரண்டாம் நூல் கூறுகிறது. கோயிலுக்குள்ளேயே இருந்ததென்றால், அதை வைத்து வணங்கியவர்களும் அந்த மக்களே.

இனி ஏன் என்பதற்கு வருகிறேன். கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமை எரித்தார்கள், கோயில் இடிந்தது, மக்களில் ஒரு பகுதியினர் நாடுகடத்தப்பட்டார்கள். தோற்ற நாட்டின் தெய்வமும் தோற்றது என்பதே அந்தக் காலத்தின் பொதுவான எண்ணம். அதற்கு மாற்றாக, எங்கள் தெய்வம் எங்கள்மேல் சினங்கொண்டதால் தோற்றோம் என்று சொல்லும் வழக்கமும் இருந்தது. மோவாபு நாட்டு மேசா மன்னனின் கல்வெட்டு தன் தெய்வமாகிய கெமோசைப் பற்றி அவ்வாறே சொல்கிறது. யூதா மக்கள் இதிலிருந்து ஒருபடி மேலே சென்றார்கள். எங்களை அடித்தது எங்கள் ஆண்டவரின் கை என்றால், அடிக்க வந்த பாபிலோனும் அவருடைய கையில்தான் இருந்திருக்க வேண்டும்; பாபிலோனும் பாரசீகமும் அவருடைய கையில் என்றால், அந்நாட்டுத் தெய்வங்களுக்குச் செய்வதற்கு என்ன இருக்கிறது? எசாயா நூலின் 40ஆம் அதிகாரம் முதல் ஒலிக்கும் குரல், நானே ஆண்டவர், வேறு எவரும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்வது அந்தக் கணக்கின் முடிவிலேதான். கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்த பாரசீக மன்னன் சைரசை அந்த நூல் ஆண்டவரின் அருள்பொழிவு பெற்றவன் என்கிறது. அதே சைரசை அழைத்து வந்தவர் தங்கள் தலைமைத் தெய்வமாகிய மார்துக் என்று பாபிலோனில் களிமண் உருளையில் எழுதிவைத்தார்கள். ஒரே நிகழ்வுக்கு இரண்டு தெய்வங்கள் உரிமை கோரின. மார்துக்குக்குப் பெருங்கோயிலும் குருமாரும் இருந்தனர், அவை அழிந்தபோது அவரும் மறைந்தார். யூதா மக்களிடம் அப்போது கோயில் இல்லை, எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய சொல் மட்டுமே இருந்தது.

நெடுங்கேணி மூத்தவர் எழுதியது:

தம்பி மடுவழி தெளிவாக எழுதியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒருமை வேறு வழியாக வந்தது என்பதையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். தொல்காப்பியம் மாயோன், சேயோன், வேந்தன், வருணன் என்று நிலத்துக்கொரு தெய்வம் வகுத்தது; வயலுக்குரிய வேந்தனுக்கும் கடற்கரைக்குரிய வருணனுக்கும் எங்கள் ஊர்களில் இன்று கோயில் இல்லை, அவர்களை எவரும் உடைக்கவும் இல்லை. "யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வ மாகி ஆங்கே மாதொரு பாகனார் தாம் வருவர்" என்று சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியார் கூறுவதை மேடைகளில் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். அடுத்த அடியை விட்டுவிடுகிறார்கள்: மற்றத் தெய்வங்கள் வேதனைப்படும், இறக்கும், பிறக்கும் என்கிறது அது. ஆகவே அது வெறும் பெருந்தன்மை அன்று, அதுவும் ஒரு தீர்ப்பே. சைவ வழிபாட்டைச் சீர்திருத்த முனைந்த ஆறுமுக நாவலர் காலத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் கண்ணகி கோயில்கள் பல இராசராசேசுவரி என்றும் புவனேசுவரி என்றும் பெயர் மாறின. வற்றாப்பளையில் கண்ணகி கண்ணகியாகவே இருக்கிறாள், வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் இன்றும் விளக்கெரிகிறது. பெயரை விழுங்கி ஒன்றாக்குவதும் இழப்புத்தான் என்பது என் கருத்து.

முத்தையன்கட்டு எழுதியது:

மடுவழி அண்ணா குறிப்பிட்ட எசாயா நூலை இடம்பெயர்ந்தோர் முகாமில் ஓர் அருட்சகோதரி தந்துதான் நான் வாசித்தேன். நான் சைவம், இன்றும் சைவமே. 46ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், பாபிலோனின் தெய்வங்களான பேலும் நெபோவும் களைத்த விலங்குகளின் முதுகில் பாரமாக ஏற்றப்பட்டுச் சிறைப்பட்டுப் போகிறார்கள். உடனே ஆண்டவர், பிறந்த நாள் முதல் உங்களைச் சுமப்பவர் நானே, நரைக்கும் வரையும் நானே சுமப்பேன் என்கிறார். மனிதர் சுமக்கும் தெய்வம், மனிதரைச் சுமக்கும் தெய்வம் என்ற இந்த வேறுபாட்டை, நடந்து களைத்த ஒருவரால்தான் எழுதியிருக்க முடியும்.

2008ஆம் ஆண்டின் இறுதியில் போரால் நாங்கள் ஊரை விட்டுப் புறப்பட்டபோது, மாமா பாலை மரத்தடியில் இருந்த வைரவர் சூலத்தைப் பிடுங்கி, வெள்ளைத் துணியால் சுற்றி, உரப்பைக்குள் வைத்து உழவியந்திரப் பெட்டியில் ஏற்றினார். விசுவமடுவிலும் மாத்தளனிலும் பதுங்குகுழியின் மூலையில் அது நின்றது. அம்மா ஒவ்வொரு மாலையும் அதற்குத் திருநீறு பூசுவார், திருநீறு முடிந்த பிறகு அடுப்புச் சாம்பலைப் பூசினார். கடைசியாக நீரேரியைக் கடக்க வேண்டிய நாளில் அப்பம்மாவால் நடக்க முடியவில்லை. மாமா சூலத்தைக் கரைச் சேற்றில் ஊன்றிவிட்டு அப்பம்மாவைத் தோளில் ஏற்றினார். மார்பளவு நீர். அப்பம்மா கரையேறும் வரை "அப்பனே, அப்பனே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வைரவரையா, ஐயனாரையா, சிவனையா அவர் அழைத்தார் என்று நான் பிறகும் கேட்கவில்லை.

ஒட்டுசுட்டான் ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. துட்டன்காமனின் கல்வெட்டையும் எசாயா 46ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுத்த பாடத்தை நடத்துவேன். முத்தையன்கட்டுத் தங்கச்சி, உங்கள் பதிவை வகுப்பில் வாசிக்க அனுமதி தருவீர்களா? அந்தப் பாலை மரத்தடியில் இப்போது என்ன இருக்கிறது?

முத்தையன்கட்டு எழுதியது:

தாராளமாக வாசியுங்கள், சேர். நாங்கள் திரும்பி வந்தபோது மரம் இல்லை, அடிக்கட்டை மட்டும் இருந்தது. மாமா கொல்லரிடம் புதிய சூலம் அடிப்பித்து அதன் அருகில் நட்டார். பக்கவேரிலிருந்து வந்த கன்று இப்போது சூலத்தை விட உயரம்.