பாரிஸிலிருந்து நீஸுக்கு: விமானமா, ரயிலா? கடல் எந்தப் பக்கம்?

மழைக்கோட்டு:

வணக்கம். செப்டம்பர் நடுவில் நானும் மனைவியும் நீஸ் போகலாம் என்றிருக்கிறோம். பிள்ளைகளை அம்மா பார்த்துக்கொள்கிறார், எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமான பயணம். நான் விமானம் என்கிறேன், ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அவளோ ரயில்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கடலை ஒட்டியே போகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆறு மணி நேரம் உட்கார்ந்து போகிற அளவுக்கு அப்படி என்ன தெரியும்? எந்தப் பக்கம் இடம் எடுக்க வேண்டும்? இரவு ரயிலும் உண்டாமே, அது எப்படி?

தூங்குமூஞ்சி:

இரவு ரயில் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து கிளம்பும், பகல் ரயில் கிளம்பும் கார் து லியோன் நிலையத்திலிருந்து இல்லை. 2017 கடைசியில் நிறுத்தினார்கள், 2021 மே மாதம் திரும்பவும் விட்டார்கள். இரவு ஒன்பது மணியை ஒட்டி ஏறினால் காலை ஒன்பது வாக்கில் நீஸ். ஒரு ஹோட்டல் இரவு மிச்சம்.

ஆனால் இருவருக்கு மட்டும் என்று கட்டில் போட்ட அறை அதில் கிடையாது. முதல் வகுப்பில் நான்கு படுக்கை, இரண்டாம் வகுப்பில் ஆறு. கூடுதலாகப் பணம் கட்டினால் அறை முழுவதையும் எடுக்கலாம். இல்லாவிட்டால் முன்பின் தெரியாதவரின் குறட்டையோடுதான் உங்கள் உல்லாசப் பயணம் தொடங்கும். எனக்கு அது தாலாட்டு. உங்கள் மனைவிக்கு எப்படியோ!

கடற்காகம்:

தம்பி, உங்கள் மனைவி சொல்வது பாதி சரி. அந்தப் பாதிக்காகவே ரயிலில் போகலாம்.

கடலை ஒட்டியே போகும் என்று நம்பி ஏறினால் ஐந்து மணி நேரம் ஏமாற்றம்தான். பாரிஸிலிருந்து மார்செய் வரை ஏறக்குறைய 750 கிலோமீட்டர், அதை டி.ஜி.வி. என்ற அதிவேக ரயில் மூன்றேகால் மணி நேரத்தில் விழுங்கிவிடும். 2001-இல் திறந்த அதிவேகப் பாதை மார்செய் பக்கம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பழைய பாதை. மார்செய்யிலிருந்து நீஸ் 225 கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். துலோன் வந்ததும் 'இதோ கடல்' என்று எழுந்து உட்கார்வீர்கள். ரயில் அப்படியே உள்நாட்டுக்குள் திரும்பிவிடும். திராட்சைத் தோட்டம், ஓட்டு வீடு, மறுபடியும் திராட்சைத் தோட்டம். எங்கள் வீட்டுக்காரர் சரியாக இந்த இடத்தில்தான் தூங்கிப் போவார். நானும் விட்டுவிடுவேன். ஃப்ரெஜூஸ் வந்தவுடன் முழங்கையால் ஒரு இடி.

ஏனென்றால் அடுத்து சான் ரஃபாயேல். அங்கிருந்து கான் வரை அரைமணி நேரம். இதற்குத்தான் இத்தனை பாடும்.

எஸ்தெரெல் மலை கடலுக்குள் வந்து இறங்கும் இடம் அது. பாறையெல்லாம் செங்கல்லையும் மிஞ்சிய சிவப்பு. எரிமலைப் பாறை, போர்ஃபிரி என்பார்கள். அந்தச் சிவப்புக்குக் கீழே தண்ணீர் ஓரிடத்தில் பச்சை, ஓரிடத்தில் கருநீலம். ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஒரு குட்டி விரிகுடா, அதைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த வளைவு. ஆந்தேயோரில் வளைவு வளைவான கல் பாலத்தின் மேல் போகும்போது நேர் கீழே கடற்கரை, குளிக்கிறவர்களின் துண்டு நிறம்கூடத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டுத் தகர்க்கப் பார்த்த பாலம் அது. ரயில் அங்கே மெதுவாகத்தான் போகும். அதிவேக ரயிலில் பணம் கொடுத்து ஏறிவிட்டு 'இன்னும் மெல்லப் போ' என்று வேண்டிக்கொள்ளும் ஒரே இடம் எனக்கு இதுதான்.

இப்போது பக்கம். நீஸை நோக்கிப் போகும்போது கடல் வலப்பக்கம். ரயிலுக்கு இரண்டு தட்டு. மேல்தட்டில் எடுங்கள், கீழ்த்தட்டில் பாதி நேரம் மதில் சுவரும் புதரும்தான். பிற்பகலில் போனால் வெயிலும் அந்தப் பக்கம்தான் அடிக்கும். திரையை இழுத்து மூடுகிற ஆள் முன் இருக்கையில் அமையாமல் இருக்கப் பிரார்த்தனை செய்யுங்கள்.

மழைக்கோட்டு:

நன்றி அக்கா. படித்துக் காட்டினேன். 'பாதிதான் சரி' என்பதை நானும், 'அதற்காகவே போகலாம்' என்பதை அவளும் பிடித்துக்கொண்டோம். ஒரு சந்தேகம்: எதிரெதிரே மேசை போட்ட இடம் நல்லதா, பக்கத்துப் பக்கத்து இடமா?

சீட்டுக்கட்டு:

பக்கம் பார்ப்பதற்கு முன் ஒரு விஷயம். சில ரயில்கள் மார்செய் சான் ஷார்ல் நிலையத்துக்குள் போகும். அங்கே தண்டவாளம் முடிந்துவிடுகிறது, வந்த வழியே பின்னோக்கித்தான் வெளியே வர வேண்டும். அந்த ரயிலானால் பாரிஸில் இடப்பக்கமாக இருந்த ஜன்னல்தான் பிறகு கடல் பக்கம். நிலையத்துக்குள் போகாமல் நேராக துலோன் போகிற ரயிலென்றால் தொடக்கம் முதலே வலப்பக்கம். எந்தெந்த ஊரில் நிற்கும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காசு விஷயம்: உங்களில் ஒருவர் 27 வயதுக்கும் 59 வயதுக்கும் இடையில் இருந்தால் 49 யூரோ கொடுத்து அவான்தாஜ் என்ற ரயில் சலுகை அட்டை எடுக்கலாம், ஓராண்டு செல்லும். கூட வரும் ஒரு பெரியவருக்கும் சேர்த்து 30 சதவீதம் குறையும். போய் வரும் பயணத்துக்குள் ஒரு வார இறுதி வர வேண்டும். பெரிய பெட்டி ஆளுக்கு இரண்டு, கைப்பை ஒன்று, எல்லாவற்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். புறப்படும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே கதவு மூடிவிடும். அட்டவணையில் போட்ட நேரத்துக்கு ஓடி வந்தால் வாலைத்தான் பார்க்கலாம்.

கடற்காகம்:

சீட்டுக்கட்டு சொன்ன சான் ஷார்ல் சமாச்சாரம் ரொம்ப முக்கியம், நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மேசை இடத்தில் ஒருவர் எப்போதும் பின்னோக்கிப் போவார், தலை சுற்றுகிறவர்களுக்கு ஆகாது. ஆனால் இருவருக்கும் ஜன்னல் கிடைக்கும். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒருவருக்கு ஜன்னல், மற்றவருக்கு அவருடைய காது. நாங்கள் துலோன் தாண்டியதும் இடம் மாற்றிக்கொள்வோம் என்று ஓர் ஒப்பந்தம் உண்டு. தூங்குகிற ஆளை எழுப்பி மாறச் சொல்லும் வேலையும் என்னுடையதே.

கார் து லியோனுக்கு அரைமணி முன்னதாகவே போங்கள். மாடியில் 'த்ரேன் ப்ளூ' உணவகம், 1901-இல் திறந்தது. சுவர், கூரை எல்லாம் அந்தப் பாதை போகும் ஊர்களின் ஓவியங்கள். விலை நமக்குக் கட்டுப்படியாகாது. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வர யாரும் காசு கேட்பதில்லை.

மழைக்கோட்டு:

கடைசியாக ஒன்று. மணலில் காலை நனைத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பது அவளுடைய பெரிய ஆசை.

கடற்காகம்:

ஐயோ, நீஸில் மணல் இல்லை தம்பி! ப்ரோமனாட் என்ற கடற்கரைச் சாலை நெடுகக் கூழாங்கல்தான், முட்டை முட்டையாக. வெறுங்காலில் தண்ணீருக்குள் இறங்குவதற்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுவிடுவீர்கள். ரப்பர் செருப்பு இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அடி வைத்ததும் ஆழமாகிவிடும், அதையும் சொல்லி வையுங்கள். செப்டம்பரில் தண்ணீர் ஜூனைவிட வெதுவெதுப்பாகவே இருக்கும்.

மணல் வேண்டுமென்றால் நீஸ் நிலையத்தில் இத்தாலி எல்லையிலுள்ள வென்டிமிலியா பக்கம் போகும் உள்ளூர் ரயிலில் ஏறி வில்ஃபிரான்ஷில் இறங்குங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. நிலையத்துக்கு நேர் கீழேயே கடற்கரை. கொஞ்சம் சொரசொரப்பான மணல்தான், ஆனாலும் மணல். அலை பெரிதாக இருக்காது. சனி ஞாயிறில் போகாதீர்கள், துண்டு விரிக்க இடம் கிடைக்காது.

மழைக்கோட்டு:

சரி, ரயில்தான். வியாழக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு திரும்புகிறோம், அட்டைக்கும் அது பொருந்துகிறது. மேல்தட்டில் மேசை இடம். பின்னோக்கி உட்காரப் போவது நான் என்று முடிவாகிவிட்டது, என்னிடம் யாரும் கேட்கவில்லை.

தூங்குமூஞ்சி:

திரும்பும்போது இருட்டுவதற்கு முன் கான் தாண்டுகிற ரயிலாக எடுங்கள். அப்போது கடல் இடப்பக்கம்.