காரில் ஏற்றிய ஏசி கேஸ் எங்கே போகிறது? நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

பாளையங்கோட்டை:

சித்திரை பிறந்தால் காருக்குக் கேஸ் ஏற்றுவது எங்கள் ஊரில் ஆண்டு வழக்கமாகிவிட்டது. இதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஏசியில் ஓடும் கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள்ளேயே ஆவியாகி, அழுந்தி, திரவமாகிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் குழாய்கள் வழியே மிகச் சிறிதளவு வெளியேறும், உண்மைதான். ஆனால் ஒரு கோடையில் ஏற்றியது அடுத்த கோடைக்கு இல்லையென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

என் காரில் குளிர் குறைந்ததும் ஒரு கடையில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தார்கள். என்ஜின் அணைந்திருந்தபோது முள் 115 பிஎஸ்ஐ பக்கம் நின்றது. "கேஸ் நிறைவாக இருக்கிறது" என்றார்கள். எனக்கு அங்கேதான் உறுத்தியது. என் கார் ஏசியில் இருக்கும் ஆர்134ஏ என்ற கேஸ் உள்ளே கொஞ்சம் திரவமாக மீதி இருந்தாலும் போதும், 35 டிகிரி சூட்டில் நிற்கும் வண்டியில் முள் ஏறக்குறைய அதே இடத்தைத்தான் காட்டும். பாதி போயிருந்தாலும் தெரியாது. எடை போட்டால்தான் உண்மை வெளிவரும். வேறொரு பட்டறையில் மெஷின் மூலம் கேஸை வெளியே எடுத்து எடை பார்க்கச் சொன்னேன். பானட் அடியில் ஒட்டிய தாளில் 450 கிராம் என்று இருந்தது. வந்ததோ அதில் பாதிகூட இல்லை.

அடுத்து வாக்கம் போட்டார்கள், அதாவது குழாய்களுக்குள் இருந்ததை உறிஞ்சி வெற்றிடமாக்கினார்கள். முள் அசையாமல் நின்றது. பலர் இந்த இடத்தில் "லீக் இல்லை" என்று முடித்துவிடுவார்கள். வாக்கத்தில் வெளிக்காற்று உள்நோக்கி அழுத்துவது 15 பிஎஸ்ஐக்கும் குறைவு. வெயிலில் ஏசி ஓடும்போது, கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் பக்கம் 200 பிஎஸ்ஐக்கு மேல் வெளிநோக்கி அழுத்துகிறது. இரண்டும் ஒன்றா? கொஞ்சம் கேஸ் ஏற்றிவிட்டு மின்னணு மோப்பக் கருவியால் பானட்டுக்குள் எல்லா இணைப்புகளையும் தடவினோம். சத்தமே இல்லை. பட்டறைக்காரர் பொறுமைசாலி. புளோயரை அணைத்துக் கால் மணி நேரம் வண்டியை அப்படியே விட்டுவிட்டு, தண்ணீர் சொட்டும் வடிகுழாயின் வாயில் கருவியை நீட்டினார். உடனே கத்தியது. டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில்தான் ஓட்டை. பிரித்தபோது வேப்பஞ்சருகும் புழுதியும் ஈரத்தில் ஊறி அலுமினியத்தின் மேல் அப்பியிருந்தன. வேப்பமரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்கள் கேபின் ஃபில்டர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

உவரி:

எங்கள் பக்கம் கூலிங் காயிலைவிடக் கண்டென்சர்தான் முதலில் போகிறது. கடற்காற்றின் உப்பு, அதன் மேல் தேரி மண். கீழ் மூலைகளில் ஈரச் சேறு தங்கும் இடமாகப் பார்த்து அரிக்கிறது. என் வண்டியில் கருவி எதுவும் தேவைப்படவில்லை. கேஸோடு, கேஸை அழுத்தும் கம்ப்ரசரின் எண்ணெயும் சேர்ந்து கசியும். அந்த எண்ணெயில் புழுதி ஒட்டி, சுற்றிலும் வெளுத்திருந்த கண்டென்சரில் ஓரிடம் மட்டும் கறுத்துப் பிசுபிசுத்தது. சோப்பு நுரையைத் தடவினால் குமிழி. ஆகவே பட்டறைக்குப் போகும் முன் என்ஜின் பகுதியைக் கழுவாதீர்கள். கழுவினால் தடயமும் போய்விடும். மற்ற நாட்களில் கண்டென்சருக்கு நல்ல தண்ணீர் காட்டுங்கள், கடலோரத்தில் அது மிக அவசியம்.

வள்ளியூர், ஏசி மெக்கானிக்:

பாளையங்கோட்டை அண்ணாச்சி சொன்ன வாக்கம் விஷயத்தை எங்கள் தொழிலில் இருப்பவர்களும் படிக்க வேண்டும். நான் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை பார்ப்பேன். சில இடங்களில் டயருக்கு அடிக்கும் காற்றையே ஏற்றுகிறார்கள். அதில் இருக்கும் ஈரம் உள்ளே போய்க் கெடுக்கும். ஆக்சிஜனை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அழுத்தத்தில் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும், உயிருக்கே ஆபத்து.

எங்கள் ஊரில் ஆனி, ஆடி மேல்காற்றில் வெட்டவெளியில் மோப்பக் கருவி வேலை செய்யாது. கசிந்த கேஸைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். ஷெட்டுக்குள் வண்டியை ஏற்றி, கதவைச் சாத்தி, மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் தொடங்குவேன். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கும். அதனால் கருவியின் நுனியை ஒவ்வொரு இணைப்புக்கும் அடிப்பக்கமாக, மிக மெதுவாக நகர்த்த வேண்டும். அவசரக்காரர்களுக்கு அது எதையும் காட்டிக்கொடுக்காது.

ஓடும்போது மட்டும் கசிகிற லீக்குகள் உண்டு. கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் அப்படித்தான். அதற்கு ஒளிரும் சாயத்தைக் கலந்துவிட்டு, வண்டியைச் சில நாட்கள் ஓட்டிவரச் சொல்வேன். திரும்பி வந்ததும் மஞ்சள் கண்ணாடி அணிந்து புற ஊதா விளக்கை அடித்தால், கசிந்த இடம் பச்சை மஞ்சளாக மின்னும். கேஸ் ஏற்றும் முனையின் உள்ளே இருக்கும் சின்ன வால்வையும் மறக்க வேண்டாம். அதன் பிளாஸ்டிக் மூடி தொலைந்த வண்டிகள் ஏராளம்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்கிறேன். மீதி கேஸைத் திறந்துவிட்டுப் புதிதாக அடிப்பது இன்னும் நடக்கிறது. ஒரு கிலோ ஆர்134ஏ, நூறாண்டுக் கணக்கில் 1,430 கிலோ கரியமில வாயுவுக்கு இணையாகப் பூமியைச் சூடேற்றும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட கேஸ்களைக் குறைக்கும் கிகாலி திருத்தம் என்ற 2016 உலக உடன்பாட்டை இந்தியா 2021இல் ஏற்றது. மெஷினால் உறிஞ்சி எடுக்கும் பட்டறையைக் கேட்டுத் தேடிப் போங்கள்.

உவரி:

அண்ணாச்சி, லீக்கை அடைக்கும் திரவம் என்று டப்பாவில் விற்கிறார்களே, ஊற்றலாமா?

வள்ளியூர், ஏசி மெக்கானிக்:

வேண்டாம் தம்பி. கண்டென்சரில் அரித்த ஓட்டைக்கு அது நிற்காது. கேஸ் பாயும் குறுகிய வழியான எக்ஸ்பான்ஷன் வால்வையும், கேஸ் உறிஞ்சும் மெஷினையும் அடைத்துவிடும். கண்டென்சரையே மாற்றுங்கள். கூடவே ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும், இணைப்புகளின் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஓ-ரிங்குகள் ஏசிக்கென்றே வருகிறவையாக இருக்கட்டும், கம்ப்ரசர் எண்ணெய் தடவி மாட்டட்டும்.