நீக்கிய கார்டுக்கு சர்வர் ரூம் மட்டும் திறக்கிறது, ஏன்?

கேள்வி – மாடிப்படி
வேலையை விட்டுப் போனவரின் கார்டை சாஃப்ட்வேரில் நீக்கி ஒரு வாரம் ஆகிறது. மற்ற கதவுகள் மறுக்கின்றன, சர்வர் ரூம் மட்டும் திறக்கிறது. அந்தக் கதவுக்குத் தனி கன்ட்ரோலர் (கார்டைச் சரிபார்த்துக் கதவைத் திறக்கும் பெட்டி). 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு, வீகண்ட் ரீடர் (கார்டு எண்ணை வயர் வழியாக கன்ட்ரோலருக்கு அனுப்பும் பழைய முறை), மேக்னெட் லாக் (மின்காந்தப் பூட்டு). எங்கிருந்து பார்க்க வேண்டும்?

பதில் – தாழ்ப்பாள்
கதவைத் திறப்பது சாஃப்ட்வேர் அல்ல, கன்ட்ரோலர். நெட்வொர்க் போனாலும் கதவு இயங்க வேண்டும் என்பதால் கார்டுப் பட்டியலைத் தன் மெமரியிலேயே வைத்திருக்கும். நீங்கள் நீக்கியது அதற்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் தோன்றுகிறது.

முதலில் அது ஆன்லைனில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேபிள், பிறகு ஐபி (நெட்வொர்க்கில் சாதனத்தின் முகவரி எண்). ஒரே ஐபியில் வேறு சாதனம் உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடக்கும். இணைப்பு வந்ததும் மாற்றங்களை மட்டும் அனுப்பாமல் பட்டியலை முழுதாக அழித்து மறுபடி ஏற்றுங்கள். கடிகாரத்தையும் சரிபாருங்கள், நேரம் பிசகினால் நேர அனுமதிகளும் பிசகும். கடைசியில் அதே கார்டைக் காட்டி, நிகழ்வுப் பதிவில் 'மறுப்பு' விழுகிறதா என்று பார்த்தால்தான் வேலை முடிந்தது.

அப்போதும் திறந்தால் நிகழ்வுப் பதிவில் யார் பெயர் வருகிறது? 26 பிட் வீகண்டில் ஃபெசிலிட்டி கோடுக்கு (கார்டுத் தொகுதியைக் குறிக்கும் எண்) 8 பிட், கார்டு எண்ணுக்கு 16 பிட், மீதி 2 பாரிட்டி (பிழை கண்டறியும் பிட்). ஃபெசிலிட்டி கோடைப் பார்க்காத அமைப்பில், வேறு தொகுதியில் வந்த அதே எண் கார்டும் திறக்கும்.

இன்னொன்று: கார்டை நீக்காதீர்கள், முடக்குங்கள். சில சாஃப்ட்வேர்களில் நீக்கினால் பழைய பதிவுகளில் பெயரே போய்விடும்.

பதில் – சாவிக்கொத்து
விலகும் தேதி தெரிந்த அன்றே அதை கார்டின் முடிவுத் தேதியாகப் போட்டு அனுப்பிவிடுங்கள். தேதியையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் கன்ட்ரோலர் என்றால், பிறகு இணைப்பு அறுந்தாலும் அந்த நாளில் கதவு தானே மறுக்கும். ஒப்பந்தப் பணியாளர் கார்டுக்கு முடிவுத் தேதி இல்லாமல் கொடுக்கவே கூடாது.

அனுமதியை ஆளுக்கு ஆள் தராமல் பணிக்குழு வாரியாகக் கொடுங்கள். துறை மாறுபவர்களிடம் பழைய அனுமதி ஒட்டிக்கொண்டே இருப்பது இதனால் குறையும்.

பதில் – செப்புக்கம்பி
சாதாரண 125 கிலோஹெர்ட்ஸ் கார்டை நகலெடுப்பது மிக எளிது. விலகியவர் கார்டைத் திருப்பித் தந்தாலும் அந்த எண் முடக்கப்பட்டிருக்க வேண்டும். டெஸ்ஃபயர் இவி2 அல்லது இவி3 என்ற பாதுகாப்பான கார்டுகளுக்கு மாறினால் ரீடர் யுஐடியை (கார்டின் வெளிப்படையான தொடர் எண்) மட்டும் படிக்கும்படி விடாதீர்கள், அப்படி விட்டால் கார்டில் உள்ள ஏஇஎஸ் குறியாக்கச் சாவி சும்மா கிடக்கும். வீகண்ட் வயரில் எண் வெளிப்படையாகவே போகிறது. அதற்குப் பதில் ஆர்எஸ்-485 வயர் இணைப்பு வழி ஓஎஸ்டிபி (ரீடரும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் புதிய முறை) போட்டு, அதன் குறியாக்க வசதியான செக்யூர் சேனலை மறக்காமல் இயக்குங்கள்.

மேக்னெட் லாக் மின்சாரம் போனால் திறந்துவிடும், எனவே பேட்டரியைச் சோதியுங்கள். தீ அலாரம் அடித்தால் சாஃப்ட்வேரை நம்பாமல் ரிலே (மின்சார சுவிட்ச்) மூலம் நேரடியாக லாக்கின் மின்சாரம் அறுபட வேண்டும். இதில் சமரசமே கூடாது.

மாடிப்படி
ஐபி மோதல்தான், கேமரா ரெக்கார்டருக்கும் அதே எண். மாற்றி, முழுப் பட்டியலையும் ஏற்றியதும் 'மறுப்பு' வருகிறது. கன்ட்ரோலர் ஆஃப்லைன் ஆனால் மெயில் வரும்படியும் வைத்துவிட்டேன். நன்றி.