புகையில்லாத பொருளுக்கும் புகையிலை என்று பெயர் ஏன்?

கேள்வி:
வாய்ப்புற்றுநோய் பற்றிய ஒரு துண்டறிக்கையில் 'புகையில்லாப் புகையிலை' என்ற தொடரைப் படித்ததிலிருந்து இந்த ஐயம் என்னை விடவில்லை. வெற்றிலையோடு மெல்வதற்கும் மூக்குப்பொடிக்கும் பயன்படும் இலைக்குப் புகையின் பெயர் எப்படி வந்தது? போர்த்துக்கீசியரின் சொல்லை இந்தி 'தம்பாக்கு' என்று ஏற்றுக்கொண்டிருக்க, நாம் ஏன் தனிச்சொல் ஆக்கிக்கொண்டோம்?

மறுமொழி 1:
நாம் மட்டுமல்ல ஐயா. தெலுங்கில் பொகாகு, கன்னடத்தில் ஹொகெசொப்பு, மலையாளத்தில் புகயில என்று தென்னாட்டு மொழிகள் எல்லாமே புகையையும் இலையையும் சேர்த்தே பெயரிட்டுள்ளன. ஆகவே இங்குள்ளவர்கள் அதை முதலில் புகைக்கும் பொருளாகவே அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இன்னொரு செடிக்கும், மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால், மிளகாய் என்றே பெயர் வைத்தோம். இரண்டும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது கூடுதல் வியப்பு. எதிர்த்திசையில் போன சொல்லும் உண்டு: நம் 'சுருட்டு' போர்த்துக்கீசியத்தில் 'சருத்து' ஆகி, ஆங்கிலத்தில் 'செரூட்' ஆயிற்று.

மறுமொழி 2:
யாழ்ப்பாணத்தில் நாங்கள் 'போயிலை' என்போம். திருவிதாங்கூருக்குப் பெருமளவில் ஏற்றுமதியான அந்த மெல்லும் புகையிலையைத் தென்னைமட்டை மூட்டிப் புகை போட்டே பாடம் பண்ணுவார்கள் என்பதால், பெயருக்கும் அதுவே காரணம் என்று சிறு வயதில் நம்பியிருந்தேன். அப்படிப் புகை போடாத ஊர்களிலும் பெயர் ஒன்றாகவே இருப்பதைப் பார்த்தால், மேலே சொல்லப்பட்டதே பொருத்தமாகத் தெரிகிறது.

மறுமொழி 3:
எங்கள் குடும்பம் வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை பயிரிட்டது. அங்கே வெயிலில்தான் காயவைப்போம். பெயரால் ஒரு தீங்கு நேர்கிறது என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்: நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கிக்கொள்பவர்கள்கூட, மருத்துவர் கேட்டால், "எனக்குப் புகைப்பழக்கம் இல்லை" என்று உண்மையாகவே நம்பிச் சொல்கிறார்கள். புகையிலைக்குப் போதையைத் தரும் நஞ்சான நிக்கோடின் புகையில் பிறப்பதன்று. செடியின் வேரில் உருவாகி இலைக்கு ஏறுவது. பூங்கொத்து வரும்போது நுனியைக் கிள்ளி, பக்கக் கிளைகளையும் ஒடித்துவிடுவதால்தான் இலை தடித்து, காரமும் கூடுகிறது. பனியில் நனைந்த பச்சை இலையை விடியற்காலையில் ஒடிக்கும்போது, அந்த நஞ்சு தோல் வழியாகவே உடம்பில் இறங்கும். ஒரு முறைகூடப் புகைத்தோ மென்றோ அறியாத என் அத்தை, அறுவடை நாட்களில் தலைசுற்றி வாந்தி எடுத்து வரப்பிலேயே படுத்துவிடுவார்.